பழைய பொதுக் கட்டடமா, ஓவியக் கூடமா? சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெளியூர்ப் பயணத்துக்குத் திட்டம் போடும் நண்பர்கள் என்னிடம் நீட்டும் காகிதத்தில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் அடித்து, திரும்ப எழுதி, மறுபடி அடிக்கப்பட்டிருக்கும். ஒன்று நூறு வருடம் தாண்டிய நகர மன்றமோ நூலகமோ ரயில் நிலையமோ. இன்னொன்று ஓவியக் கூடம். எதை வைப்பது, எதை எடுப்பது என்று தொடங்கும் பேச்சு முழங்கால் வலி வரைக்கும் போகும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

பொதுக் கட்டடம்னா எதையெல்லாம் சொல்றீங்க? அரண்மனையும் சேருமா?

ஊர்க் காரியத்துக்காகக் கட்டியது எல்லாம் சேரும். நகர மன்றம், நீதிமன்றம், நூலகம், ரயில் நிலையம், தபால் நிலையம். அரண்மனை ஒரு குடும்பம் வாழக் கட்டியது, அதைப் பார்க்கும் விதமே வேறு. அதனால் இங்கே விட்டுவிட்டேன்.

இந்தக் கட்டடங்களில் பல இன்றும் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மும்பையின் சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் முனையம் 1887-இல் கட்டி முடிந்தது. 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஆனால் அங்கே வருகிற பெரும்பாலானவர்களுக்கு அது ரயில் பிடிக்கும் இடம், அவ்வளவுதான். நீங்கள் அண்ணாந்து பார்த்து நிற்கும் இடம் அவர்களுக்கு நடைபாதை. கீழே வரும் பல பதில்கள் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

ஒரே ஒரு பகல்தான் கையில இருக்கு. ரெண்டுல எதுக்குப் போறது?

வேறு எந்த விவரமும் சொல்லாமல் கேட்டால், கட்டடத்துக்கு என்பேன். ஓவியத்துக்குக் கால் உண்டு, கட்டடத்துக்குக் கிடையாது. பிக்காசோவின் ‘குவெர்னிகா’ கிட்டத்தட்ட எட்டு மீட்டர் அகலம். அவ்வளவு பெரிய ஓவியமே பல வருடங்கள் நியூயார்க்கில் இருந்துவிட்டு 1981-இல் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தது. சின்னச் சின்ன ஓவியங்கள் கண்காட்சிகளுக்காக வருடா வருடம் ஊர் மாறுகின்றன. இன்று தவறவிட்டதை வேறொரு நகரத்தில் பார்க்க ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. ஒரு நகர மன்றத்தின் படிக்கட்டு உங்கள் ஊருக்கு வரவே வராது.

இதற்கு விலக்கு இரண்டு. உங்களுக்கு உயிரான ஓவியரின் படம் அந்த ஊரில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கூடத்துக்குப் போங்கள். கட்டடத்தின் உட்பகுதி அன்றைக்குத் திறந்திருக்காது என்று தெரிந்தாலும் அப்படித்தான்.

எவ்வளவு நேரம் ஒதுக்கணும்?

கட்டடத்துக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. ஓவியக் கூடத்துக்கு இரண்டு மணி நேரம், அதற்கு மேல் போகாதீர்கள். கூடம் பெரியது என்பதால் நேரத்தையும் கூட்டினால், மூன்றாவது மணி நேரத்தில் ஓவியத்தை விட்டுவிட்டு உட்கார நாற்காலி எங்கே என்றுதான் கண் தேடும்.

இது சோம்பேறிகளின் சாக்கு என்று நினைக்க வேண்டாம். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் கில்மன் என்பவர் 1916-இலேயே ‘அருங்காட்சியகக் களைப்பு’ பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மனிதரைக் காட்சிப் பெட்டிகள் முன்னால் நிறுத்தி, அவர் எப்படியெல்லாம் குனிந்து, மடங்கி, எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று புகைப்படமே எடுத்துப் போட்டார். கோளாறு பார்க்க வந்தவரின் உடம்பில் இல்லை, பொருளை வைத்திருக்கும் விதத்தில்தான் என்பது அவர் வாதம். நூறு வருடம் ஆகியும் நமக்கு இடுப்பு வலிக்கிறது.

ஒரே நாள்ல ரெண்டும் போகலாமா?

தாராளமாக. காலையில் ஓவியக் கூடம், மதியத்துக்கு மேல் கட்டடம். மாற்றிப் போடாதீர்கள். கூடத்துக்குக் கண்ணும் கவனமும் புதிதாக இருக்க வேண்டும். கட்டடத்தைக் களைத்த உடம்போடும் பார்க்கலாம். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மேலே பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. சாயங்கால வெயில் சன்னல் வழியாகச் சாய்ந்து விழுவது கூடுதல் லாபம்.

எனக்கு ஓவியத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. போய் என்ன பண்ணப் போறேன்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கட்டடத்துக்குப் போகும்போது மட்டும் இதைக் கேட்பதில்லை. கட்டடக் கலை தெரியுமா என்றால் அதுவும் தெரியாது. ஆனாலும் தைரியமாக உள்ளே போகிறார்கள். கட்டடம் நம்மிடம் பரீட்சை வைக்காது, ஓவியம் வைக்கும் என்று ஒரு பயம்.

நான் சொல்லும் வழி எளிது. ஒரு அறைக்குள் போய் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். எந்தப் படம் உங்களைத் திரும்பக் கூப்பிடுகிறதோ அதன் முன் மூன்று நிமிடம் நில்லுங்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டையை முதலில் படிக்காதீர்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, படத்தில் இருப்பவர்கள் யாரைப் பார்க்கிறார்கள், கை எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். மூன்று நிமிடம் நீளமானது, கடிகாரத்தை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதன் பிறகு அட்டையைப் படியுங்கள். ஒரு அறைக்கு ஒரு படம் போதும், மீதியை விட்டதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

கட்டடத்துல பாக்க என்ன இருக்கு? வெளிய நின்னு ஒரு போட்டோ எடுத்தா போதாதா?

வெளியே எடுத்த போட்டோ ஏற்கெனவே உங்கள் போனில் ஆயிரம் பேர் எடுத்ததாக இருக்கிறது. உள்ளே போனால் கட்டியவர்கள் மனம் மாறிய இடங்கள் தெரியும். எனக்கு அதில்தான் ருசி.

ஸ்டாக்ஹோம் நகர மன்றம் 1923-இல் திறக்கப்பட்டது. நோபல் பரிசு விருந்து நடக்கும் கூடத்துக்கு அங்கே ‘நீலக் கூடம்’ என்று பெயர். உள்ளே போனால் ஒரு பொட்டு நீலம் இல்லை, சுற்றிலும் சிவப்புச் செங்கல். சுவரைப் பூசி நீல வண்ணம் அடிப்பதுதான் ரக்னர் ஓஸ்ட்பெரி என்ற கட்டடக் கலைஞரின் திட்டம். எழும்பி நின்ற செங்கல்லைப் பார்த்ததும் அதை மூட அவருக்கு மனம் வரவில்லை. பெயர் மட்டும் நீலமாகவே தங்கிவிட்டது. அந்தச் சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், செங்கல் முகம் வழவழப்பாக இருக்காது. கையால் கொத்திச் சொரசொரப்பாக்கியிருக்கிறார்கள். மாடியில் ‘தங்கக் கூடம்’ இருக்கிறது, அதில் 1.8 கோடிக்கும் மேல் மொசைக் துண்டுகள். எல்லோரும் அங்கேதான் வாயைப் பிளப்பார்கள். என் ஓட்டு கீழே இருக்கும் செங்கல்லுக்கு.

நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம், 1913-இல் திறந்தது. பெரிய கூடத்தின் விதானத்தில் பச்சை கலந்த நீலத்தில் நட்சத்திர மண்டலங்களை வரைந்திருக்கிறார்கள், பெரும்பாலானவை இடவலம் மாறிப்போய். 1990-களில் விதானத்தைச் சுத்தம் செய்தபோது நண்டு ராசிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தை மட்டும் துடைக்காமல் விட்டார்கள். கரி பிடித்தாற்போல் கறுப்பாக இருக்கும். மொத்த விதானமும் முன்பு அந்த நிறத்தில் இருந்தது என்று அந்த ஒரு கட்டம் சொல்கிறது. கீழே ஓடுகிறவர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பேர் போன ஓவியம் ஒண்ணை மட்டும் பாத்துட்டு ஓடி வந்துடலாமா?

வரலாம், ஆனால் ஏமாறத் தயாராகப் போங்கள். பாரிஸ் லூவரில் இருக்கும் ‘மோனா லிசா’ 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம். கண்ணாடிக்குப் பின்னால், தடுப்புக்கு அப்பால் இருக்கும். முன்னால் நிற்பவர்கள் தூக்கிப் பிடித்த போன்களின் திரையில்தான் முதலில் அவளைப் பார்ப்பீர்கள். அதே அறையில் எதிர்ச் சுவரில் வெரோனேசேயின் ‘கானா ஊர்த் திருமணம்’ ஏறக்குறைய பத்து மீட்டர் அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது. கூட்டம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். திரும்பி நின்றால் போதும், நெரிசல் இல்லாமல் பார்க்கலாம்.

ரெண்டுல எதுக்குச் செலவு கம்மி?

பொதுவாகக் கட்டடத்துக்கு. நூலகம், ரயில் நிலையம் போன்றவற்றில் முன்கூடம் வரைக்கும் யாரும் தடுக்க மாட்டார்கள். பாஸ்டன் பொது நூலகத்தின் 1895-ஆம் வருடக் கட்டடத்தில் வாசலுக்கு மேலே ‘எல்லோருக்கும் இலவசம்’ என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் சுற்றிக் காட்டும் குழுவோடு மட்டும்தான் அனுமதி என்கிற கட்டடங்களில் டிக்கெட் உண்டு.

ஓவியக் கூடம் என்றாலே செலவு என்றும் இல்லை. லண்டனின் நேஷனல் கேலரி, டேட் மாடர்ன் இரண்டிலும் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கண்காட்சிக்குத்தான் காசு. கட்டணம் இல்லாத கூடத்தில் ஒரு சௌகரியம், கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற வெறி வராது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு வெளியே வரலாம்.

போன அன்னிக்குப் பூட்டியிருந்துச்சு. இதை முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஓவியக் கூடங்களின் விடுமுறைக்கு ஒழுங்கு உண்டு. வாரத்தில் ஒரு நாள் மூடுவார்கள், அது எந்த நாள் என்பது கூடத்துக்குக் கூடம் மாறும். பாரிஸிலேயே லூவருக்குச் செவ்வாய், ஓர்சேவுக்குத் திங்கள். ஒரு முறை பார்த்து வைத்தால் போதும்.

கட்டடங்கள்தான் கழுத்தறுக்கும். வேலை செய்கிற கட்டடம் என்று முதல் பதிலில் சொன்னேனே, அதன் விலை இது. கூட்டத்தொடர், வரவேற்பு, பதிவுத் திருமணம் என்று ஏதாவது வந்தால் அன்றைக்கு உள்ளே விட மாட்டார்கள். நான் ஒரு நகர மன்றத்தைப் பார்க்க இரண்டு மணி நேரம் பயணம் செய்து போய், வாசலில் யாரோ ஒரு கல்யாண ஜோடி போட்டோவுக்கு நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மணப்பெண் அழகாகத்தான் இருந்தார். முந்தின நாள் சாயங்காலம் அந்தக் கட்டடத்தின் இணையதளத்தை ஒரு தடவை பாருங்கள். ஒரு வாரம் முன்னால் பார்த்ததை நம்ப வேண்டாம்.

கைடு வெச்சுக்கணுமா, ஆடியோ கைடு போதுமா?

கட்டடத்துக்கு ஆள் வேண்டும். சுவரில் விளக்க அட்டை இருக்காது. கிராண்ட் சென்ட்ரல் விதானத்தின் அந்தக் கறுப்புக் கட்டத்தை யாராவது விரல் நீட்டிக் காட்டினால்தான் கண்ணுக்குப் படும். ஸ்டாக்ஹோம் போன்ற இடங்களில் கைடு இல்லாமல் கூடங்களுக்குள் போகவே முடியாது என்பதால் கேள்வியே இல்லை.

ஓவியக் கூடத்தில் எனக்குக் கைடு ஆகாது. எனக்குப் பிடித்த படத்தை நான் பார்க்கும்போது அவர் அடுத்த அறைக்குப் போய்விடுவார். ஆடியோ கைடு பரவாயில்லை, நிறுத்தி வைக்கலாம்.

பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா எது சரிப்படும்?

பத்து வயதுக்குக் கீழே என்றால் கட்டடம். ஓடக் கூடாது என்றாலும் நடக்கலாம், படி ஏறலாம், பேசலாம். கிராண்ட் சென்ட்ரலின் கீழ்த்தளத்தில் தாழ்வான, ஓடு பதித்த வளைவுகள் உள்ள ஒரு சந்திப்பு இருக்கிறது. குறுக்கே எதிர் எதிர் மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேர் நின்று, ஒருவர் கிசுகிசுத்தால் மற்றவருக்குக் காதோடு காதாகக் கேட்கும். சத்தம் வளைவின் உட்புறத்தை ஒட்டியே பயணம் செய்து அந்தப் பக்கம் இறங்குகிறது. பெரியவர்களே அங்கே இடத்துக்குக் காத்து நிற்பார்கள்.

ஓவியக் கூடம்தான் என்றால் முன்னாலேயே ஐந்து படங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். ஐந்து முடிந்ததும் வெளியே. ஆறாவது படம் உங்கள் ஆசை, அவர்களுடையது இல்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்க கூட்டிட்டுப் போறது?

இங்கே கட்டடம் தோற்றுவிடும். நூறு வருடத்துக்கு முன்னால் பிரமிப்பு வரட்டும் என்று வாசலிலேயே முப்பது படி வைத்துக் கட்டினார்கள். லிப்ட் பின்னால் சேர்த்ததாக இருக்கும், பெரும்பாலும் பக்கவாட்டு வாசலில். எங்கே என்று காவலரிடம் கேட்டால் காட்டுவார். ஓவியக் கூடங்களில் லிப்ட், சக்கர நாற்காலி, பல இடங்களில் கையோடு தூக்கிப் போகும் மடக்கு முக்காலி கூடக் கிடைக்கும். முக்காலி இருந்தால் முன்பு சொன்ன மூன்று நிமிடத்தை உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

ஓவியக் கூடத்துல ஏன் இப்படி இருட்டா வெச்சிருக்காங்க? போட்டோவும் சரியா வர மாட்டேங்குது.

எல்லா அறையும் இருட்டு இல்லை. தாளில் வரைந்த படங்கள், நீர்வண்ண ஓவியங்கள், பழைய துணிகள் இருக்கும் அறைகள்தான். வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும், வெளுத்தது திரும்பாது. அதனால் அவற்றுக்கு வழக்கமாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குள் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவார்கள். எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு 200 லக்ஸ் வரை போகலாம். உள்ளே போனதும் இரண்டு நிமிடம் பொறுங்கள், கண் பழகிவிடும்.

போட்டோ விஷயத்தில் கூடத்துக்குக் கூடம் சட்டம் வேறு. ப்ளாஷ், ட்ரைபாட், செல்பி ஸ்டிக் மூன்றும் பெரும்பாலும் ஆகாது. கட்டடத்தில் தடை குறைவு. ஆனால் நூலக வாசிப்பறையில் கேமரா சத்தம் கேட்டால் பத்துத் தலை நிமிரும்.

ஓவியக் கூடமே ஒரு பழைய பொதுக் கட்டடத்துல இருந்தா அதை எதுல சேர்க்கிறது?

நல்ல கேள்வி, ஏனென்றால் உலகத்தின் பேர்பெற்ற கூடங்களில் பாதி இப்படித்தான். புளோரன்ஸின் உபிசி என்ற பெயருக்கே ‘அலுவலகங்கள்’ என்றுதான் பொருள். 1560-இல் ஆரம்பித்து, ஊரை ஆண்ட மெடிசி குடும்பத்தின் அதிகாரிகள் உட்கார்ந்து கோப்புப் பார்க்கக் கட்டியது. பாரிஸ் ஓர்சே 1900-இல் ரயில் நிலையமாகத் திறந்தது. ரயில்கள் நீளமாகிக்கொண்டே போனதில் நடைமேடை போதாமல் போய், 1986-இல் கலைக்கூடமாக மறுபிறவி எடுத்தது. டேட் மாடர்ன் மின் நிலையமாக இருந்தது. ‘குவெர்னிகா’ இப்போது இருக்கும் மாட்ரிட் கூடம் ஒரு காலத்தில் மருத்துவமனை.

எனக்கு இதில் சிங்கப்பூர் தேசிய கலைக்கூடம் தனி. 1929-இல் முடிந்த நகர மன்றத்தையும் 1939-இல் முடிந்த உச்ச நீதிமன்றத்தையும் இணைத்து 2015-இல் திறந்தார்கள். 1945 செப்டம்பர் 12-ஆம் தேதி ஜப்பானியப் படைகள் சரணடைந்து கையெழுத்துப் போட்டது அந்த நகர மன்றத்தில்தான். நீதிமன்றப் பக்கத்தில் கைதிகளை வைத்திருந்த சிறு அறைகளை இடிக்காமல் காட்டுகிறார்கள். ஓவியம் பார்த்துக்கொண்டே வந்து, திடீரென்று அந்தச் சின்ன அறைக்கு முன்னால் நிற்கும்போது கொஞ்சம் மூச்சு முட்டும். நீதிமன்றத்தின் அடிக்கல்லுக்குக் கீழே 1937-ஆம் வருடச் செய்தித்தாள்களையும் நாணயங்களையும் ஒரு பெட்டியில் புதைத்திருக்கிறார்கள். கி.பி. 3000-இல்தான் திறக்க வேண்டுமாம்.

இப்படிப்பட்ட இடத்தில் நான் செய்வது இது. முதல் இருபது நிமிடம் ஓவியம் எதையும் பார்ப்பதில்லை. விதானம், படி, சன்னல், தரை மட்டும். அப்புறம்தான் சுவரில் மாட்டியிருப்பது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கப் போனால் இரண்டுமே அரைகுறையாகிவிடும்.

கட்டடத்துக்குள்ளேயே நல்ல ஓவியம் இருக்குமா, இல்ல அது கூடத்துல மட்டும்தானா?

இத்தாலியின் சியெனா நகர மன்றத்துக்குப் போனவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். ஊரை ஆண்ட ஒன்பது பேர் கூடிப் பேசும் அறையின் சுவர்களில் 1338, 1339 வருடங்களில் அம்ப்ரோஜியோ லோரென்செட்டி வரைந்தார். ஒரு சுவரில் நல்லாட்சி நடக்கும் ஊர். கொத்தனார் சாரத்தில் நின்று வேலை பார்க்கிறார், கடைகள் திறந்திருக்கின்றன, தெருவில் நடனம். எதிர்ச் சுவரில் கெட்ட ஆட்சி, கொம்பு முளைத்த கொடுங்கோலன். ஒன்பது பேரும் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று கண்ணில் படும். அதே படத்தைப் பெயர்த்து ஒரு கூடத்தில் மாட்டினால் அழகு மிஞ்சும், உறுத்தல் போய்விடும். பாஸ்டன் நூலகத்திலும் ஜான் சிங்கர் சார்ஜென்ட் என்ற ஓவியர் ஏறக்குறைய முப்பது வருடம் உழைத்த சுவரோவியங்கள் மேல்தளத்தில் இருக்கின்றன. பலர் வாசிப்பறையைப் பார்த்துவிட்டுப் படி இறங்கிவிடுகிறார்கள். இன்னொரு மாடி ஏறுங்கள்.

கட்டடத்துக்குள் மாட்டியதால் ஓவியம் கெட்ட கதையும் உண்டு. ரெம்பிராண்ட் 1642-இல் முடித்த ‘இரவுக் காவல்’ படத்தை 1715-இல் ஆம்ஸ்டர்டாம் நகர மன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். குறித்த சுவரில் இரண்டு கதவுகளுக்கு நடுவே அது அடங்கவில்லை. சுவரை இடிக்கவா முடியும்? படத்தின் நான்கு பக்கத்தையும் வெட்டிவிட்டார்கள். இடது ஓரத்தில் நின்றிருந்தவர்கள் துண்டோடு போனார்கள், அந்தத் துண்டுகள் இன்று வரை கிடைக்கவில்லை. படம் இப்போது ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அந்த நகர மன்றம் அரண்மனையாகிவிட்டது. இரண்டும் ஒரே ஊர்தான். அந்த ஊருக்குப் போனால் இரண்டையும் பாருங்கள்.

பாக்கப் போன ஓவியம் அங்க இல்லேன்னா?

கடனுக்குப் போயிருக்கலாம், பழுதுபார்க்கக் கழற்றியிருக்கலாம். பெரிய கூடங்கள் எந்தப் படம் இப்போது சுவரில் இருக்கிறது என்று இணையதளத்தில் போடுகின்றன. அந்த ஒரு படத்துக்காகவே போகிறீர்கள் என்றால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இல்லாத படத்தைப் பார்க்கவே ஆட்கள் போகும் இடமும் ஒன்று உண்டு. பாஸ்டனின் இசபெல்லா ஸ்டுவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் 1990 மார்ச் 18-ஆம் தேதி 13 பொருள்கள் திருடு போயின. தான் அடுக்கி வைத்ததை மாற்றக் கூடாது என்று அதை நிறுவிய இசபெல்லா அம்மையார் உயில் எழுதியிருந்தார். அதனால் வெற்றுச் சட்டங்கள் இன்னும் அதே சுவரில் தொங்குகின்றன. சட்டத்துக்குள் சுவர்த் துணி மட்டும்தான் தெரியும்.

எனக்குக் கட்டடம், அவருக்கு ஓவியம். ஒவ்வொரு ஊர்லயும் சண்டை வருது.

பிரிந்து போங்கள், இரண்டு மணி நேரத்துக்கு. ஒருவருக்காக ஒருவர் சகித்துக்கொண்டு நின்றால் இரண்டு பேருக்கும் கால் வலிதான் மிச்சம். திரும்பச் சந்திக்கும்போது பேச விஷயமும் இருக்கும்.

சந்திக்கும் இடத்தை மட்டும் சரியாகச் சொல்லுங்கள். ‘மெயின் வாசல்’ என்று சொல்லாதீர்கள், பழைய கட்டடங்களுக்கு மெயின் வாசல் மாதிரியே நாலு வாசல் இருக்கும். நகராத பொருள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராண்ட் சென்ட்ரலில் விசாரணை மேடைக்கு மேலே நாலு முகக் கடிகாரம் இருக்கிறது, ஊரே அதன் அடியில்தான் ஒருவருக்கொருவர் காத்து நிற்கும். எந்த முகத்துக்கு நேராக நிற்பது என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.